அடுப்பில் வடித்த சோறு

கண்டாவளை
08.12.2024

கமலாசனிக்கு,

ஆறு வருடமாக எழுதாத அண்ணன் ஏன் எழுதுகிறான் என்று யோசிப்பாய். சுகம் விசாரிக்க அல்ல. உன் சபை ஆட்களைக் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன்! யாருக்காவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். உன் குரலைக் கேட்க எனக்கு விருப்பமில்லை, அதனால்தான் கடிதம்.

போன மாத மழையில் வயல் வரம்பில் சறுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டேன். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பிளாஸ்டர் போட்டு அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு வரவேண்டிய அதிபர் கதிரையில் இருக்கிறவர் மட்டும் வட்சப்பில் ஒரு ரோசாப்பூப் படம் அனுப்பினார். அதையும் மறக்கமாட்டேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை வாசல் படலையில் ஆள் சத்தம். பார்த்தால் பக்கத்துக் காணி ஆண்டியப்பனும் பெண்சாதி சிவலட்சுமியும். தகப்பன் காலத்தில் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். முருகனின் பெயரை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகிற ஆள் அவன். நாலு வருடத்துக்கு முன் அவன் மாடு என் பயிரைத் தின்ற நாளிலிருந்து நான் அவனோடு பேசுவதில்லை. அவள் புட்டும் சம்பலும் கொண்டுவந்தாள். அவன் கிணற்றில் அள்ளிப் பீப்பாயை நிரப்பினான். அன்றிலிருந்து தினமும் வருகிறார்கள். பயிருக்கு உரம் எறிகிறான். மாடு இறங்கிய அதே மூலையில் அவனே நின்று வேலிக்கு அலம்பல் கம்பு வெட்டிக் கட்டுகிறான்!

இதில் பெரிய தந்திரம் என்ன தெரியுமா? இன்றுவரை ஒரு வேத வசனம்கூட வாயில் இல்லை. துண்டுப்பிரசுரம் இல்லை. "சபைக்கு வாங்க" என்று ஒரு சொல் இல்லை. எப்போது வலை விழும் என்று நான் காத்திருக்கிறேன். நீ ஏவிவிட்ட ஆட்களா? உண்மையைச் சொல்.

அம்மாவின் முதலாம் ஆண்டுத் திவசத்தில், சொந்தக்காரர் எல்லாரும் பார்த்திருக்க, "படைச்சது எனக்கு வேண்டாம்" என்று இலையைத் தள்ளினவள் நீ. அம்மாவுக்கு வைத்த சோற்றைத் தள்ளினவளுக்கு என் படலை திறக்காது. அதில் மாற்றம் இல்லை.

இப்படிக்கு,
க. தில்லைநாதன்


நெளுக்குளம், வவுனியா
19.12.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டு தபால்காரரை வாசலிலேயே நிறுத்திவைத்துப் பிரித்தேன். அந்த மனிசன் பயந்து, "என்ன அக்கா, செத்த வீட்டுச் செய்தியோ?" என்றார். "இல்லைத் தம்பி, உயிர்த்த செய்தி" என்றேன்.

கால் எப்படி? வீக்கம் வற்றிவிட்டதா? அடுப்படியில் தனியாக நிற்காதேயுங்கோ.

சத்தியமாக எனக்கு அவர்களைத் தெரியாது. நான் ஏவிவிட்டிருந்தால் முதல்நாளே ஒரு பை நிறையப் புத்தகம் கொடுத்தல்லவா அனுப்பியிருப்பேன்? நான் தபாலில் அனுப்பிய புத்தகங்களில் நீங்கள் அடுப்பு மூட்டியதாகக் கேள்வி. நன்றாக எரிந்ததா?

ஒன்று மட்டும் கேட்கிறேன். புட்டு எப்படி இருந்தது?

நான் வந்து பார்க்கட்டுமா? கிருபன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விடுவார். அவர் வெளியே நிற்பார், நீங்கள் முகம் கொடுக்கத் தேவையில்லை.

உங்கள் தங்கச்சி,
கமலாசனி


கண்டாவளை
06.01.2025

கமலாசனிக்கு,

வரத் தேவையில்லை. உன் கலியாணத்தால் எனக்குப் பேசிய சம்பந்தம் குழம்பியதற்குப் பிறகு உன் மனிசனின் மோட்டார் சைக்கிள் சத்தமும் எனக்கு ஆகாது. புட்டு நன்றாகத்தான் இருந்தது.

கேள், ஒரு பொறி வைத்திருக்கிறேன்! இரண்டு பக்கமும் வாய் உள்ள பொறி. கால் சுகமாக வேண்டுமென்று பிள்ளையாருக்குப் பொங்கல் வைப்பதாக நேர்த்திக்கடன். அந்தப் பொங்கலுக்கு விறகு, தேங்காய், பால் எல்லாம் ஆண்டியப்பனே கொண்டுவர வேண்டும், என்னையும் கோயிலுக்கு ஏற்றிப் போக வேண்டும் என்று கேட்டேன். மாட்டேன் என்றால், இவர்களின் அன்பு தங்கள் பக்கம் இழுக்கும்வரைதான் என்று நிரூபணம். ஓம் என்று வந்து பொங்கலையும் தின்றால், என்னைப் பிடிப்பதற்காகத் தன் சாமியையே விற்கிற ஆள் என்று நிரூபணம். எந்தப் பக்கம் விழுந்தாலும் வெற்றி எனக்கு!

அவன் தலையைச் சொறிந்தான். "வெறகு வெறகுதானே மாஸ்டர். எந்த நாளுன்னு சொல்லுங்க" என்றான்.

தை வெள்ளி ஒன்றில் வைத்திருக்கிறேன். முடிவை எழுதுகிறேன்.

தில்லைநாதன்


கண்டாவளை
31.01.2025

தங்கச்சிக்கு,

என்னிடம் சிரிக்காதே. முழுவதும் வாசித்துவிட்டுச் சிரி.

போன வெள்ளிக்கிழமை விடிய லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினின் பெட்டியில் கதிரையை வைத்து, என்னை ராசா மாதிரி இருத்திக் கொண்டுபோனான். வழியெல்லாம் ஊர் பார்த்தது. கோயிலடியில் கல் வைத்து, விறகு அடுக்கி, தேங்காயும் உரித்து வைத்தான். பிறகு, "நீங்க கும்புடுங்க மாஸ்டர், நான் அங்கிட்டு நிக்கிறேன்" என்று வீதிக்கு அப்பால் மருதமரத்துக்குக் கீழே போய் நின்றான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். யாருக்கு மரியாதை என்று எனக்கு விளங்கவில்லை.

படைத்து முடிந்ததும் ஒரு இலையில் பொங்கலை நிறையப் போட்டு, பொல்லை ஊன்றிக்கொண்டு நானே போய் நீட்டினேன். இதுதான் தருணம்!

அவர் இரண்டு கையையும் கூப்பினார். "படைச்சத நான் சாப்புட மாட்டேன் மாஸ்டர். கோவிச்சுக்காதீங்க. ஒங்க வீட்டு அடுப்புல வடிச்ச சோறு ஒரு பிடி போடுங்க. அதச் சாப்புடணும்னு ரொம்ப நாளா ஆச."

உதவிக்கு மாட்டேன் என்றும் சொல்லவில்லை, பொங்கலைத் தின்னவுமில்லை. என் பொறி வாயைத் திறந்தபடி நிற்கிறது. வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு ஒரு யோசனை. இத்தனை வருடத்தில் அந்த மனிசன் என் வீட்டு முற்றத்தைத் தாண்டி உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை. நான் கேட்டதுமில்லை.

ஞாயிறு மத்தியானம் இரண்டு பேரையும் வரச்சொன்னேன். சிவலட்சுமி, "மாஸ்டருக்குச் சோறு வடிக்கத் தெரியுமா?" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ரோசம் வந்துவிட்டது! ஒரு காலில் நின்று வடித்தேன். சோறு குழைந்துபோனது. பருப்பு அடிப்பிடித்தது. கத்தரிக்காய்க்கு உப்புப் போட்டேனா இல்லையா என்று எனக்கே தெரியாது.

சபை முடிந்து நேரே வந்து, அம்மாவின் மேசையில், கதிரையில் இருந்து சாப்பிட்டார்கள். சாப்பிட முதல் அவர் கண்ணை மூடினார். இதோ, என் ஆத்துமாவுக்கு வலை என்று நான் காதைத் தீட்டினேன். அவர் சொன்னது இவ்வளவுதான். "ஆண்டவரே, காலொடிஞ்ச மனுசன் நின்னு வடிச்ச சோறு. இந்த வீட்டுல இனிமே யாரும் தனியா சாப்புடாம பாத்துக்கங்க. ஆமென்."

பிறகு சிவலட்சுமி, "உப்பே இல்ல மாஸ்டர்" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அம்மா போன பிறகு இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான்.

நான் அவரிடம் நேரே கேட்டேன்: "எப்ப என்னைச் சபைக்கு வரச்சொல்லிக் கேக்கப்போறாய்?"

"ஒங்களுக்குக் கேக்கணும்னு வந்தா நீங்களே கேப்பீங்க மாஸ்டர். அதுக்குள்ள நெல்ல வெட்டிருவோம்."

இதற்கு என்ன பெயர்? நீ படித்தவள், சொல்.

அண்ணா


நெளுக்குளம்
10.02.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய் அழுதேன். கிருபன் கடிதத்தை வாங்கி வாசித்துவிட்டு, "எனக்கும் அந்தப் பருப்பில கொஞ்சம் கிடைக்குமோ?" என்றார்.

இதற்கு என்ன பெயர் என்று கேட்டீர்கள். எங்கள் சபையில் இதைச் சாட்சி என்போம். நான் அதை எப்போதும் வாயால் செய்கிற ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

ஒரு விஷயம் எழுத வேண்டியிருக்கிறது. பழைய சண்டையைக் கிளற அல்ல. அன்றைக்கு அம்மாவின் திவசத்தில், "படைச்சது எனக்கு வேண்டாம்" என்று சொன்னது உண்மை. ஆனால் அதற்குப் பிறகும் நான் சொன்னேன், அண்ணா. "குசினியில அம்மான்ர பானையில படைக்காத மிச்சச் சோறு இருக்கு, அதில ஒரு பிடி போடுங்கோ, இருந்து சாப்பிட்டிட்டுப் போறன்" என்றேன். நீங்கள் அதற்குள் எழும்பி, என்னை வெளியே அனுப்பப் படலைச் சங்கிலியை அவிழ்க்கப் போய்விட்டீர்கள். சங்கிலியின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. பசியோடுதான் அன்றைக்கு வவுனியா பஸ் ஏறினேன்.

ஆண்டியப்பன் அண்ணன் கேட்டதும் நான் கேட்டதும் ஒரே சோறுதான். ஆனால் அவர் அதைக் கேட்க முதல் உங்கள் வேலியைக் கட்டியிருந்தார்.

பதில் எழுத வேண்டுமென்று கட்டாயமில்லை. காலைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

தங்கச்சி


கண்டாவளை
20.02.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

பிளாஸ்டர் வெட்டியாயிற்று. கால் குச்சிபோல இருக்கிறது, ஆனால் ஊன்றுகிறது! நெல்லும் வெட்டியாயிற்று. ஆண்டியப்பர்தான் மெஷினுக்கு முன்னும் பின்னும் ஓடினார்.

உன் கடிதத்தை வாசித்த அன்று நான் சாப்பிடவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுதமாட்டேன்.

மார்ச் நாலாம் திகதி, செவ்வாய்க்கிழமை, அம்மாவின் திவசம். ஐயர் வருவார். படையல் படையலாகவே நடக்கும், அதை விடமாட்டேன். ஆனால் புது அரிசியில், படையலுக்கு முன்னமே, அம்மாவின் பானையில் தனியாக ஒரு உலை வைக்கிறேன். அதற்குச் சாம்பிராணியும் காட்டமாட்டேன், பூவும் வைக்கமாட்டேன். வெறும் சோறு. ஆண்டியப்பர் வீட்டுக்கும் சொல்லியாயிற்று. உப்புப் பார்க்கிற வேலை சிவலட்சுமிக்கு. கிருபன் வெளியே நிற்கத் தேவையில்லை, அவருக்கும் இலை உண்டு. சம்பந்தம் குழம்பிய கதையை அவரிடம் ஒருநாள் கேட்கத்தான் போகிறேன், அன்றைக்கு அல்ல.

படலைச் சங்கிலியைத் தேடாதே. என் பயிரைத் தின்ற மாட்டைக் கட்டச் சொல்லி ஆண்டியப்பரிடம் கொடுத்துவிட்டேன்.

நான் மாறிவிட்டேன் என்று சபையில் எழுந்து நின்று சொல்லிவிடாதே. எனக்குக் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது, அவ்வளவுதான். மருதமரத்துக்குக் கீழே தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்த மனிசன் யாரோடு நின்றார் என்பது. அவரிடம் கேட்டால் ஊர் முழுக்க அவர் வென்றதாகிவிடும். உன்னிடம் கேட்டால் வீட்டுக்குள் இருக்கும். புத்தகம் ஒன்றும் அனுப்பாதே. வந்து சொல்.

காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடி. சாப்பிட முதல் நீ கண்ணை மூடுவாய் என்று தெரியும். மூடு. ஆனால் வாய்க்குள் முணுமுணுக்காமல் சத்தமாகச் சொல். இந்தமுறை எனக்குக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
அண்ணா