மிஸ்டர் யூன் இறந்துபோன பக்கம்

யான்பு, சவூதி,
8.3.1996

அன்பு மகள் நஜீஹாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பா சுகமாக இருக்கிறேன், மெட்ராஸில் நீயும் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறேன். உம்மாவுக்கு முட்டுவலி தேவலையாம், தம்பி முஆத் டியூஷனுக்கு ஒழுங்காகப் போவதில்லை என்றுதான் போனில் ஒரே புகார், நீ ஊருக்குப் போகும்போது அவனை உட்காரவைத்துப் பேசு, அதட்டாதே. ஹாஸ்டல் சாப்பாடு பிடிக்கவில்லை என்று பட்டினி கிடக்காதே.

ஜப்பான், கொரியாக்காரர்கள் யுத்த காலத்தில் தாங்கள் சிறுபிள்ளையாக இருந்ததைக் கதையாக எழுதியதை ஆராய்ச்சி செய்கிறேன், உங்கள் சைட்டில் இருக்கும் கொரியாக்காரர்களிடம் விசாரியுங்கள் என்று எழுதியிருந்தாயே, எங்கள் வெல்டிங் சூப்பர்வைசர் மிஸ்டர் யூனிடம் கேட்டேன். பார்த்தால், அவருடைய அக்காவே அப்படி ஒரு நாவல் எழுதியிருக்கிறார், அனுப்பி எத்தனையோ வருஷம், இவர் பிரித்ததே இல்லை. உனக்காகப் படிக்கத் தொடங்கினார். டீ நேரத்தில் என் ஸ்டோருக்கு வந்து, படித்த மட்டும் இந்தியும் இங்கிலீஷுமாகச் சொல்வார், மீதி என்ன ஆனதோ என்று எனக்கு மறுநாள்வரை இருப்புக் கொள்ளாது. ஜப்பான்காரன் ஆண்டபோது அக்காவுக்கு வீட்டில் ஒரு பேர், பள்ளிக்கூடத்தில் ஜப்பான் பேர், நான் தூங்கும்போது எந்தப் பேரைச் சொல்லி எழுப்புவீர்கள் என்று அந்தப் பிள்ளை தாயாரிடம் கேட்குமாம். பிறகு கொரியாக்காரர்களுக்குள்ளேயே வடக்கு தெற்கு என்று சண்டை மூண்டு, குடும்பத்தோடு பனியில் தெற்கே நடந்தார்கள், அப்போது அக்காவுக்குப் பதின்மூன்று, யூனுக்கு நாலு வயது.

கதையில் அந்த இடத்தைப் படித்த அன்று யூன் முகம் கறுத்துப்போய் வந்தார். "பாய், என் அக்கா என்னைக் கொன்னுட்டா. சங்-ஹோ மாஃபி, கலாஸ்" என்றார். சங்-ஹோ அவர் பேர், ஆள் இல்லை, முடிந்தது என்று அரபியில் சொல்கிறார். கதையில் அக்கா தம்பியை முதுகில் கட்டிக்கொண்டு நடக்கிறாள், இறக்கிப் பார்த்தால் மூச்சில்லை. நான் இங்கே டீ குடித்துக்கொண்டிருக்கிறேன், அங்கே என்னைப் புதைத்துவிட்டாளே என்று கொதித்தார். போன் போட்டுக் கேளுங்கள் என்றேன், மாட்டேன் என்றார், ஆனால் வியாழக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போன் கேபினுக்குப் போனார். உள்ளே சத்தமாகத்தான் தொடங்கினார், பிறகு கண்ணாடி வழியே பார்த்தேன், ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். வெளியே வந்து வண்டியில் ஏறாமல் நடந்தார், நானும் கூட நடந்தேன், அப்போதுதான் சொன்னார். வழியில் அவர் தாயாருக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்ததாம். தாயார் யூனைச் சுமக்க, அதை அக்கா முதுகில் கட்டிக்கொண்டாள். பேர் வைக்குமுன்னே மௌத்தாகிவிட்டது. தாயார் கடைசிவரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை, இவருக்கு இத்தனை நாள் தெரியவே தெரியாது. "பேரில்லாத பிள்ளைய எப்படிடா எழுதுவேன், யாரு அழுவா அதுக்கு, அதான் உன் பேரக் கொடுத்தேன்" என்றாராம் அக்கா. கொஞ்சதூரம் போனபிறகு யூன், "எனக்கு ஒரு தங்கச்சி இருந்திருக்கா பாய்" என்றார். கோபம் தீர்ந்ததா என்று கேட்டேன். "பேர்தானே, தங்கச்சியே வச்சுக்கட்டும்" என்றார்.

பதின்மூன்று வயதுப் பிள்ளை அதை இத்தனை வருஷம் எப்படி நெஞ்சில் வைத்திருந்தது, நீ படிக்கும் மற்ற எழுத்தாளர்களும் இப்படி யாரையாவது மறைத்துத்தான் எழுதியிருப்பார்களா, உன் புரொபசரிடம் கேட்டு எழுது. யூன் லீவில் போகிறார், அக்காவும் இவருமாக அன்று பனியில் நடந்து வந்த பாதையைத் தேடிப் போவார்களாம். நேற்று என்னோடு கடைத்தெருவுக்கு வந்து பிள்ளைக்குப் போர்த்தும் கம்பளிச் சால்வை கேட்டார், என்ன வயது என்று கடைக்காரர் கேட்டதும் என்னைப் பார்த்தார். கைக்குழந்தை என்று நான்தான் சொன்னேன்.

கண் டாக்டரிடம் காட்ட மறந்துவிடாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் பயனுள்ள கல்வியையும் தந்தருள்வானாக, ஆமீன்.

துஆவுடன் உன் வாப்பா,
ஜெய்னுலாப்தீன்