இறக்கத்தில் நியூட்ரல்

நாள் 1. 06:40. தென்முகாம்.
மின்கலம் 100%. முன் இருக்கை 112 கிலோ. பின் இருக்கை 0.

மேலே உள்ள வரியை வண்டியே எழுதிக்கொள்கிறது. மற்றதெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பதிகிறது. நான் சுடலைமுத்து. செவ்வாய்க் கிரகம், தென்முகாம் பட்டறையில் மெக்கானிக். வயது ஐம்பத்திரண்டு. அந்த 112 கிலோ விண்வெளி உடுப்போடு சேர்த்து. இதைக் கேட்பவர் யாராக இருந்தாலும் என்னைத் தடியன் என்று நினைத்துவிட வேண்டாம்.

வடமுகாமில் காற்றைச் சுத்தம் செய்யும் விசிறி நின்றுவிட்டது. பேரிங் தேய்ந்துபோயிற்று. அங்கே இருப்பது இரண்டே பேர். நிலத்தடிப் பனியைத் துளைக்கும் ஜெசிந்தா, கால் முறிந்து படுத்திருக்கும் நவாஸ்கான். இன்னும் நான்கு நாளைக்குத்தான் அவர்களுக்கு மூச்சுவிடக் காற்று. மாற்று பேரிங் என் பக்கப் பெட்டியில் இருக்கிறது. உள்ளங்கை அகலம்தான். தூரம் 760 கிலோமீட்டர். வழியில் பள்ளத்தாக்குச் சுவரில் இறங்கும் பாதை குறுகலானது, லாரி போகாது. அதனால் பைக்.

நாள் 2. 12:50. சமவெளி.
மின்கலம் 61%, ஏறுகிறது. முன் இருக்கை 0.

சூரியத் தாளை விரித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன். முழு மின்கலம் முந்நூறு கிலோமீட்டர் ஓடும். வெயில் நன்றாக இருந்தால் நண்பகலில் பாதி ஏறும்.

நெடுந்தூரத்துக்கென்றே செய்த வண்டி இது. செயின் கிடையாது, தூசி புகாத ஷாஃப்ட். கம்பிவலை டயர். இருக்கையில் எவ்வளவு எடை என்று பார்த்து ஷாக் அப்சார்பர் தானாக இறுகும், தளரும். கைப்பிடியிலும் இருக்கையிலும் சூடு வரும். ஆள் இல்லாவிட்டாலும் விழாமல் மெதுவாக ஓடும். என் உடுப்புக்குக் காற்றும் சூடும் வண்டியிலிருந்து வரும் குழாய் வழியாகத்தான். இத்தனை செய்தவர்கள் இடுப்புக்கு ஒரு வழி செய்யவில்லை. நேற்று பத்து மணி நேரம் ஓட்டியதில் இடுப்பு என்னுடையதாகவே இல்லை.

வடமுகாமிலிருந்து வந்தது:

"அண்ணே, மெதுவாவே வாங்க. நாங்க எங்கயும் ஓடிப் போயிர மாட்டோம். நவாஸ் அண்ணன் பேச்சைக் குறைச்சிட்டாரு. அதுலயே பாதிக் காத்து மிச்சம்."

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரி. பயந்தால்தான் இப்படிக் கிண்டல் பேசுவாள். எனக்குத் தெரியும்.

நாள் 3. 16:20. சமவெளி முடிவு.
மின்கலம் 24%. முன் இருக்கை 112.

காலையிலிருந்து புழுதி. தாள் கால்வாசிதான் ஏற்றியது. ஆனாலும் பயமில்லை. நாளை காலை பள்ளத்தாக்குச் சுவரில் அறுபது கிலோமீட்டர் இறக்கம். இறங்கும்போது சக்கரம் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் மின்கலத்தை ஏற்றும். பதினான்கு சதவீதமாவது கிடைக்கும். அடிவாரத்திலிருந்து வடமுகாம் எண்பது கிலோமீட்டர். போதும்.

கண் எரிகிறது. மூன்று நாளாக ஒழுங்கான தூக்கமில்லை.

நாள் 4. 06:15. சுவரின் விளிம்பு.
மின்கலம் 19%. முன் இருக்கை 112.

வடமுகாம்: "அண்ணே, நவாஸ் அண்ணனுக்குத் தலைவலி. எனக்கும்தான். இன்னைக்கு வந்துருவீங்கல்ல?"

வந்துவிடுவேன் என்று சொன்னேன். இறங்குகிறேன்.

நாள் 4. 08:40. அடிவாரம்.
மின்கலம் 18%. முன் இருக்கை 112. நியூட்ரல் லிவர்: போடப்பட்டுள்ளது.

கோட்டை விட்டுவிட்டேன்.

இந்த வண்டிக்கு நியூட்ரல் கிடையாது, தேவையும் இல்லை. நியூட்ரல் இல்லாத வண்டியும் ஒரு வண்டியா என்று பட்டறையில் கேட்டவன் நான். மோட்டாரையும் சக்கரத்தையும் பிரிக்கும் லிவரைச் செய்து மாட்டியவனும் நான். 'இறக்கத்தில் லிவரைத் தொடாதே, மின்கலம் ஏறாது' என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டதும் நானேதான். ஊருக்குத்தான் உபதேசம்.

பதினெட்டு வயதில் மாஞ்சோலை மலைக்கு மொபெட்டில் போவேன். திரும்பும்போது எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டால் அடிவாரத்து மணிமுத்தாறு வரை ஒரு சொட்டு பெட்ரோல் செலவாகாது. அன்று படிந்த பழக்கம். இன்று அரைத் தூக்கத்தில் இறக்கத்தைப் பார்த்ததும் கை தானாக லிவரை இழுத்திருக்கிறது. அறுபது கிலோமீட்டரும் சும்மா உருண்டே வந்திருக்கிறேன். சத்தமில்லாமல் சுகமாக இருந்தது என்று நினைத்தது நினைவிருக்கிறது. சீ.

18% ஐம்பத்து நான்கு கிலோமீட்டர் இழுக்கும். போக வேண்டியது எண்பது.

நாள் 4. 09:05.
மின்கலம் 18%.

கூடாரம், உணவு, முன் கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். புழுதி இன்னும் அடங்கவில்லை, தாளும் வேண்டாம். கைப்பிடிச் சூடு, இருக்கைச் சூடு, உடுப்புச் சூடு மூன்றையும் அணைத்துவிட்டேன். பேரிங் பெட்டியை மட்டும் தொடவில்லை.

வடமுகாமுக்குச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "சரிண்ணே, வாங்க" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாள் 4. 12:20. கடைசி மேட்டின் அடி.
மின்கலம் 3%. முன் இருக்கை 0.

விரல்களில் உணர்ச்சியில்லை. ஐம்பத்தெட்டு கிலோமீட்டர் வந்தாயிற்று. எதிரே பன்னிரண்டு கிலோமீட்டர் ஏற்றம். அந்தப் பக்கம் பத்து கிலோமீட்டர் இறக்கம், அதன் அடியில் வடமுகாம். என்னைத் தூக்கிக்கொண்டு, எனக்குக் காற்றும் கொடுத்துக்கொண்டு வண்டி இந்த ஏற்றத்தில் ஏறாது. நான் இல்லாவிட்டால் ஏறும்.

அதனால் நான் இறங்கிக்கொண்டேன்.

குழாயைப் பிடுங்கிவிட்டேன். உடுப்பின் குட்டி உருளையில் மூன்றரை மணி நேரக் காற்று இருக்கிறது. வண்டி தன்னால் போகும்படி வைத்தாயிற்று. லிவரை ஸ்பேனர் போட்டுக் கழற்றிவிட்டேன். இனி யார் கையும் அதைத் தொட முடியாது.

ஜெசிந்தா, முதலில் பேரிங்கை மாட்டு. வண்டியின் மின்கலம் போதுமான அளவு ஏற அங்கே இரண்டு மணி நேரமாகும். கணக்கு எனக்கும் தெரியும். அவசரப்பட்டு வந்து நீயும் நடுவழியில் நிற்காதே. நான் பின்னால் நடந்து வருகிறேன், முடிந்த மட்டும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. அதைவிட அசதியாக இருக்கிறது.

நாள் 4. 13:55. மேட்டின் உச்சி.
மின்கலம் 1%. முன் இருக்கை 0. பின் இருக்கை 0.

நாள் 4. 14:35. வடமுகாம்.
மின்கலம் 2%. முன் இருக்கை 0. பின் இருக்கை 0. பக்க ஸ்டாண்டு போடப்பட்டது.

நாள் 4. 15:05. வடமுகாம்.
மின்கலம் 8%. முன் இருக்கை 94. பின் இருக்கை 0.

"ஜெசிந்தா பேசுறேன். பேரிங் மாட்டியாச்சு, விசிறி ஓடுது. நவாஸ் அண்ணன் மறுபடியும் பேச ஆரம்பிச்சிட்டாரு. எட்டு சதவீதம் போறதுக்குத்தான் காணும், திரும்பி வரக் காணாது, பொறுன்னு கத்துறாரு. நான் வண்டி எழுதினதைப் படிச்சிட்டேன். உச்சியில ஒண்ணு, இங்க வந்தப்ப ரெண்டு. ஆளில்லாம இறங்கினதுக்கே ஒரு சதவீதம் ஏத்தியிருக்கு. ரெண்டு பேரு பாரத்துக்கு இன்னும் ஏத்தும். உச்சி வரைக்கும் திரும்பி வந்துட்டாப் போதும். கெளம்புறேன்."

நாள் 4. 15:38. மேட்டின் தென்சரிவு.
மின்கலம் 3%. முன் இருக்கை 94. பின் இருக்கை 112. உடுப்புக் குழாய் இணைந்தது. பின் இருக்கை மூச்சு: நிமிடத்துக்கு 7.

"நவாஸ் அண்ணே, ஆளு கெடச்சிட்டாரு. எட்டு கிலோமீட்டர் ஏறி வந்திருக்காரு மனுசன். குப்புறக் கெடந்தாரு. என்னோட சேத்துக் கட்டிட்டேன். கையில அந்த லிவரைப் பிடிச்சிருக்காரு, விட மாட்டேங்காரு."

நாள் 4. 15:54. மேட்டின் உச்சி.
மின்கலம் 1%. முன் இருக்கை 94. பின் இருக்கை 112. பின் இருக்கை மூச்சு: 10.

நாள் 4. 15:59. வடசரிவு.
மின்கலம் 1%. பின் இருக்கை மூச்சு: 12. பின் இருக்கையிலிருந்து குரல்:

"இறக்கமா... நியூட்ரல்ல போடு, தாயி..."

முன் இருக்கையிலிருந்து குரல்:

"வாயை மூடிட்டு வாங்கண்ணே."

நாள் 4. 16:03. வடசரிவு.
மின்கலம் 2%.