கீற்றும் கொசுவலையும்

1934 பிப்ரவரி 12

மயிலாப்பூரிலிருந்து சைக்கிளில் பாலம் தாண்டி அடையாற்றுத் தோப்புக்குப் போவதற்குள், குழாயிலிருந்த குளவிகள் சூட்டில் செத்துவிடுமோ என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். குளவி என்று பேர்தான். எறும்பில் பாதிகூட இல்லை, கொட்டவும் தெரியாது. தென்னையோலையைச் சுரண்டித் தின்னும் கருந்தலைப் புழு கூடு கட்டி உறங்கும்போது, இந்தக் குளவி அதன் உடம்புக்குள் முட்டையிடும். குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று தீர்த்துவிட்டு வெளியே வரும்.

தோப்புக்காரர் அப்துல் வஹீத் சாயபு சிரித்தார். "பூச்சியை ஒழிக்கப் பூச்சியா, அய்யரே? உங்க டிபார்ட்மெண்டுல மருந்து தீந்து போச்சா?"

சிரிக்கட்டும். குளவியால் இந்தத் தோப்பு பிழைத்தது என்று காட்டினால்தான் விவசாய டிபார்ட்மெண்டில் என் டெம்பரரி வேலை நிலைக்கும். வெயில் தணிந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிட்டேன்.

பிப்ரவரி 19

புழு சுரண்டிக் கருகிய ஓலை இனிப் பச்சையாகாது, புதுக் குருத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று சாயபுவிடம் எத்தனை தடவை சொல்வது? என்னாலேயே பொறுக்க முடியவில்லை. அவரை என்ன சொல்ல?

பிப்ரவரி 23

சாப்பிட உட்கார்ந்தும் தோப்பு நினைப்புதான். குளவி வளர்க்க வீட்டில் புழுப் பெட்டி வைத்திருந்தபோதெல்லாம் பொறுத்துக்கொண்ட என் பெண்டாட்டி ஜானு கேட்டாள்: "புழுப் பெட்டிதான் ஆத்தை விட்டுப் போயாச்சே, இன்னும் ஏன் மூஞ்சிய இப்படி வெச்சுண்டிருக்கேள்?" கையலம்பிவிட்டு, குளவி கூட்டைத் துளைக்க இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன்.

பிப்ரவரி 27

போயிற்று. எல்லாம் போயிற்று.

பாலத்தில் வரும்போதே புகை தெரிந்தது. கருகிய ஓலை அத்தனையும் வெட்டி எரிக்கச் சொல்லிவிட்டாராம் சாயபு. எரித்தவள் தேவானை, தோப்பு வேலியை ஒட்டிக் குடிசை போட்டு, இங்கே விழும் ஓலையில் கீற்று முடைந்து பக்கத்து மீனவர் குடியிருப்பான ஊரூர்க் குப்பத்தில் விற்கிறவள். இன்னும் சில நாளில் குளவிகள் கூட்டைத் துளைத்து வந்திருக்கும். என்னிடம் மிச்சம் ஒன்றுகூட இல்லை — எல்லாவற்றையும் திறந்துவிட்டேனே, முட்டாள்!

பிப்ரவரி 28

சாம்பலைக் கிளறினேன். வெறும் மட்டையும் பாளையும்தான் எரிந்திருக்கின்றன. ஓலை எங்கே?

தேவானை குடிசைப் பின்னால் இருந்தது. பாதியை முடைவதற்காகக் கழித் தண்ணீரில் ஊறப் போட்டுவிட்டாள். பாதி குவியலாகக் கிடந்தது.

"புழு பிடிச்ச ஓலையை ஊர் பூரா விக்கப் போறியா? அறிவிருக்கா உனக்கு?" என்று கத்தினேன்.

"கூரை ஒழுவுது சாமி. நல்ல ஓலைய கொளுத்திட்டு மழைக்கு நான் இன்னா பண்றது? சாயபுக்குத் தெரிஞ்சா தோப்புல கால் வெக்க உடமாட்டாரு."

கோபத்தில் ஓர் ஓலையைப் பிய்த்தேன். உள்ளே கறுத்த கூடு. பிளந்தால் — குட்டிக் குட்டியாகக் குளவிகள், உயிரோடு! கத்தியவன் கெஞ்ச ஆரம்பித்தேன். தண்ணீரில் போட்டது செத்தது. மீதியையாவது ஊறப் போடாமல் வைக்க வேண்டுமே!

"கொஞ்ச நாள் அப்படியே கிடக்கட்டும். அப்புறம் எல்லாம் உனக்குத்தான்."

"நான் கொளுத்திட்டேன்னு சொல்லுவியா?"

"சொல்றேன்."

மார்ச் 1

வீட்டுக் கொசுவலையைக் கொண்டுபோய்க் குவியலின் மேல் போர்த்தினேன். குளவி அதன் கண்ணில் நுழைந்து போய்விடும். புழுவிலிருந்து வரும் அந்துப்பூச்சி போக முடியாது. ஜானு வாசல் வரை வந்தாள். "கொசு என்னைப் பிடுங்கித் தின்னட்டும். உங்க குளவி சௌக்யமா இருக்கட்டும்!"

மார்ச் 4

வந்தன! வலைக்கண்களின் வழியாகக் கறுப்புப் பொடி மாதிரி புறப்பட்டுத் தோப்புப் பக்கம் போயின. நானும் தேவானையும் வாயைப் பிளந்துகொண்டு நின்றோம்.

ஏப்ரல் 20

மரத்தில் மிஞ்சிய ஓலைகளில் பார்க்கிற கூடெல்லாம் குளவி வெளியேறிய துளை. இருந்தும் நிம்மதி இல்லை. குருத்து, குருத்து!

ஜூலை 16

குருத்தெல்லாம் பச்சை. மேலதிகாரி பார்க்க வந்தார். "எல்லாம் நெருப்பு பண்ண வேலை சார்" என்றார் சாயபு பெருமையாக. அதிகாரி என் பக்கம் திரும்பி, "ஓலையெல்லாம் எரிச்சாச்சா?" என்றார்.

இல்லை என்று வாய்வரை வந்தது. சற்றுத் தள்ளி, தலையில் மட்டைக்கட்டோடு தேவானை நின்றிருந்தாள்.

"எரிச்சாச்சு சார்" என்றேன்.

ஜூலை 31

என் டெம்பரரி வேலை போயிற்று. குளவிக்கு இனிச் செலவு இல்லையாம். ஜானு, "நிஜத்தைச் சொல்லியிருக்கப்படாதோ?" என்றாள். சொல்லியிருந்தால் தேவானை பிழைப்பு போயிருக்கும் என்றேன். அவள் மோர் ஊற்றினாள். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. நெருப்பாம், நெருப்பு!

நவம்பர் 9

தியாகராய நகரில் டியூஷன். பையன்கள் கணக்குப் போடும்போது என் கண் ஜன்னலுக்கு வெளியே தென்னையில்தான் இருக்கிறது. நல்ல மழை. தேவானை கூரை ஒழுகாது என்று நினைத்துக்கொண்டேன்.

1935 ஜனவரி 28

காலையில் வாசலில் தேவானை. தோப்பிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள்.

"கெழக்கால நாலஞ்சு மரத்துல திரும்பப் புழு கீது சாமி. கொளுத்தச் சொல்லிட்டாரு சாயபு. மட்டைய கொளுத்திட்டேன். ஓலை குடிசைப் பின்னால கீது, ஒண்ணுகூட ஊறப் போடல. கூட்டைப் பிளந்து பாத்தேன், உள்ள உன் குளவி கீது. வலைய எட்துக்கினு வா."

எனக்கு இப்போது வேலையில்லை, தேவானை, என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளே ஜானு கட்டிலின் மேல் ஏறி நின்று கொசுவலையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.