அப்பா கைநாட்டு வைத்த தாள்

ஒக்லஹோமா
12.3.1965

மதிப்புக்குரிய அப்பாவுக்கு மகள் அழகம்மா வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் எப்படி? தம்பி வைரவன் இதை வாசிக்கும்போது அடுப்படியில் குளிர்காய்ந்துகொண்டே கேளுங்கள்.

போன சனிக்கிழமை நர்ஸ் படிப்புப் பிள்ளைகளை ஒரு சின்ன மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்கள். செரோக்கி என்ற இந்த நாட்டுப் பூர்வகுடிகளுடையது. சொந்த எழுத்தில் பத்திரிகையே அடித்தவர்கள். ஆனால் யாரோ சிலர் போட்ட கையெழுத்தைக் காட்டி, பட்டாளம் அத்தனை பேரையும் ஊரைவிட்டு ஓட்டியதாம். ஆயிரக்கணக்கில் வழியிலேயே செத்தார்களாம்.

சுற்றிக்காட்டிய செரோக்கி அம்மா கேட்டார்: "உங்க ஊர்லயும் இப்படி உண்டா?"

"எங்க ஊருக்குப் பட்டாளம் வராதுங்க, தாள்தான் வரும்" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தேயிலைத் தோட்டத்து நம் ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பக் கொழும்பும் டில்லியும் ஒப்பந்தம் போட்டிருக்கிற நேரம் இது. போன கடிதத்தில், "வேலய மேற்பாக்குற கண்டாக்கு ஐயா ஒரு தாள நீட்டுனாரு, சம்பளத்துக்கு வைக்கிற மாதிரியே கைநாட்டு வச்சுட்டேன்" என்று எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். வைரவனை வாசிக்கச் சொல்லியிருக்கக் கூடாதா? நீங்கள் பிறந்ததே அந்தத் தோட்டத்து லயத்து வீட்டில்தானே, அப்பா.

பயப்பட ஒன்றுமில்லை. கொட்டகலை வாத்தியாரோடு போய் அந்தத் தாளில் என்ன இருந்தது என்று கேளுங்கள். அம்மா கொழுந்து பறிக்கப் போர்த்திப்போன கம்பளியை எனக்கு அனுப்புங்கள். மூட்டை கட்டச் சொன்னால் அதையும் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள்.

வகுப்புக்கு மணி அடித்துவிட்டது. பதிலில் உங்கள் விலாசத்தைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள், எனக்குத் தெரிந்த விலாசமாகவே இருந்தாலும்.

அழகம்மா