உங்கள் இறுதிக்கிரியைக்குப் பிந்தி வந்தவள்

அக்கா,

இன்று காலை அடுப்பில் பால் கருகிவிட்டது. அந்த மணம் வந்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டு உங்கள் வீட்டுப் பக்கம் பார்த்தேன். முன்பென்றால் என் வீட்டுப் புகை அலாரம் அடித்ததும் செருப்புக்கூடப் போடாமல் ஓடி வருவீர்கள். உங்கள் வீட்டாரும் இடம் மாறிப் போய், இப்போது அங்கே வேறு யாரோ இருக்கிறார்கள்.

லண்டன் நோர்பரியில் நமக்கு அடுத்தடுத்த வீடு. நீங்கள் மலேசியாவிலிருந்து படிக்க வந்து, கணக்காளராகி, இங்கேயே தங்கிவிட்டவர். நான் ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு வந்து பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தவள். சாவி, வங்கி அட்டை, மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரும் நேரம் எல்லாமே என்னிடமிருந்து நழுவிக்கொண்டிருந்தன. ஏன் பிந்தினாய் என்று கேட்பவர்களிடம் பஸ் வரவில்லை என்பேன்.

அப்படிப் பாத்திரம் கருகிய ஒரு நாள்தான் உங்கள் முன்னால் உடைந்து அழுதேன்.

"நான் சரியான சோம்பேறி அக்கா. ஒண்டையும் ஒழுங்காச் செய்ய ஏலாது."

"சோம்பேறின்னா இப்படி அழுவியா? என் மகனுக்கும் இதேதான். ஏ.டி.எச்.டி., கவனம் ஒரு எடத்துல நிக்காத குறைபாடு. பெரியவங்களுக்கும் இருக்கும். ஆனா அத நீயோ நானோ முடிவு பண்ணக்கூடாது. டாக்டர்கிட்ட கேப்போம்."

கைபேசியில் வீடியோக்கள் பார்த்து, ஏதோ ஒரு தளத்தில் கேள்விகளுக்குப் பதில் சொன்னதையும் சொன்னேன். "அது சந்தேகப்பட மட்டும்தான் போதும்" என்றீர்கள்.

குடும்ப வைத்தியரிடம் நீங்களும் கூட வந்தீர்கள். அவர் அறையில் எனக்கு வாய் திறக்கவில்லை. பைத்தியம் என்று நினைத்துவிடுவாரோ என்ற பயம். அவர் உங்களைப் பார்த்தார். "அவங்களே சொல்லட்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, நான் பேசும்வரை பொறுமையாக இருந்தீர்கள். வைத்தியர் என் நித்திரை, மனச்சோர்வு, சிறுவயதில் பள்ளியில் நான் இருந்த விதம் எல்லாம் விசாரித்து, நிபுணரிடம் அனுப்புவதாகச் சொன்னார். நெடுநாள் காத்திருக்க வேண்டும் என்றார். அதுவரைக்கும் ஆறுதலாக, இதே குறைபாடுள்ளவர்கள் நூலகத்தில் கூடும் குழுவொன்றை நீங்கள் கண்டுபிடித்துத் தந்தீர்கள். வெட்கத்தில் நான் அந்தப் பக்கமே போகவில்லை.

என் முறை வருவதற்குள் நீங்கள் நோயில் படுத்து, போயும்விட்டீர்கள்.

உங்கள் இறுதிக்கிரியைக்கு நேரத்தோடுதான் வெளிக்கிட்டேன். பாதி வழியில் கைபேசியை மறந்தது தெரிந்து வீட்டுக்குத் திரும்பினேன். பிறகு ஓடிப்போய் எதிர்த்திசை ரயிலில் ஏறிவிட்டேன். கிளாப்பம் ஜங்ஷன் நிலையம் வந்தபோதுதான் தெரிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தகனசாலை வாசலில் வேறு யாருக்காகவோ அழுதுகொண்டு வேறு மனிதர்கள் நின்றார்கள். உங்கள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கவில்லை.

கார் நிறுத்துமிடத்தில் உங்கள் கணவர் தனியாக நின்றார். திரும்பி ஓடிவிடலாமா என்றிருந்தது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்றேன்.

"வாங்கம்மா. நீங்க லேட்டா வந்தா நான் கோவிச்சுக்கக் கூடாதுன்னு அவ சொல்லிட்டுத்தான் போனா. அதான் இங்க நின்னேன்."

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். உயிர் போகிற நேரத்திலும் என் தாமதத்துக்காக நீங்கள் பேசவேண்டி வந்ததே, அதைத்தான் தாங்க ஏலவில்லை.

பிறகு நிபுணரைப் பார்த்தேன். ஏ.டி.எச்.டி.தான் என்று உறுதியானது. மாத்திரை எடுக்கிறேன். தலைக்குள் இரைச்சல் குறைந்திருக்கிறது. ஆனாலும் மறதி முற்றாகப் போய்விடவில்லை.

போன மாதம் கடைசியில் அந்த நூலகக் குழுவுக்குப் போனேன். இந்தக் குறைபாட்டால் எதை இழந்தோம் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். என் முறை வந்ததும் உங்கள் இறுதிக்கிரியையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். இடையில் ஆங்கிலம் வரவில்லை. மிச்சத்தைத் தமிழிலேயே சொல்லி முடித்தேன். ஒருவருக்கும் விளங்கியிருக்காது. ஆனாலும் ஒருவரும் குறுக்கிடவில்லை. கதிரையில் அமர்ந்தபோது முகம் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது அக்கா. ஆனால் இந்த முறை நான் எந்தப் பொய்க் காரணமும் சொல்லவில்லை.