ஐனோவுக்கு எந்தக் கணக்கு

பிப்ரவரி 11, செவ்வாய்

பனி. பள்ளி விடுமுறை. காலையில் வாசல் பனியைத் தள்ளி முடித்து நிமிர்ந்தேன். நகராட்சி வண்டி வந்து தெருப் பனி அத்தனையையும் என் வாசலில் குவித்துவிட்டுப் போனது. ஓட்டியவன் சிரித்துக்கொண்டே கையசைத்தான். பழைய மாணவன். பத்தாவதில் அவனைக் கணக்கில் பெயிலாக்கியது நான்தான்.

உள்ளே வந்தால் மனைவி ஜோலீன் கைபேசியை நீட்டினாள். பள்ளியிலிருந்து டீன் லிண்ட் அனுப்பிய செய்தி. அடுத்த வருடம் யார் எந்தப் பாடம் எடுக்கலாம் என்று ஆலோசனை சொல்வது அவர் வேலை. எங்கள் பெண் ஐனோ ஒன்பதாவது போகிறாள். ஆனர்ஸ் என்கிற மேல்நிலைக் கணக்கு வகுப்புக்கு வேண்டிய மதிப்பெண்ணுக்கு ஒன்றே ஒன்று குறைவு. ‘பெற்றோர் விரும்பினால் சேர்த்துக்கொள்கிறோம். மார்ச் மூன்றுக்குள் சொல்லுங்கள்.’

“வேண்டாம். சாதா கணக்கே போதும்” என்றேன்.

தூங்குகிறாள் என்று நினைத்த பெண் அறைக்குள்ளிருந்து கத்தினாள்: “ஆனர்ஸ்!”

பிப்ரவரி 12, புதன்

இரவுச் சாப்பாட்டில் கேட்டேன்.

“ஏம்மா ஆனர்ஸ்?”

“சாதா கணக்கு யாருப்பா எடுக்கிறாங்க?”

“நான்.”

“அதான்.”

ஜோலீன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாதி மேசைமேல் வந்தது.

“சும்மா விளையாடாதே ஐனோ.”

“விளையாடல. நீ போர்டுல எழுதும்போது பாட்டு முணுமுணுப்பே. கூடவே இடுப்பை ஆட்டுவே. எங்க கிளாஸ் ட்ரூடியோட அண்ணன் அதை அப்படியே செஞ்சு காட்டுவான், ஊரே சிரிக்கும். வருஷம் பூரா அங்க நான் உக்காரணுமா?”

“நான் முணுமுணுக்கிறேனா?”

“ஆமா” என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

பிப்ரவரி 13, வியாழன்

முணுமுணுக்கிறேன். இன்று இரண்டாவது பாடவேளையில் கவனித்தேன். போல்கா நடனப் பாட்டு. இடுப்பும்தான்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நியாயமாக நடந்துகொள்வோம் என்று தோன்றியது. ஆனர்ஸ் எடுப்பது ஃப்ரான் கொவாச். எங்கள் பள்ளியில் ஒன்பதாவது வடிவியலுக்கு நாங்கள் இரண்டே பேர்: அவள் ஆனர்ஸுக்கு, நான் மற்ற எல்லாருக்கும். ஃப்ரான் போன வருடம் கொடுத்த ஆண்டிறுதித் தேர்வுத் தாளை ஐனோ முன் வைத்தேன்.

“இதைப் போட்டுப் பாரு. எப்படி வருதுன்னு பாத்து முடிவு பண்ணலாம்.”

அடுப்பில் பேஸ்டி வெந்துகொண்டிருந்தது. வீடு முழுக்க இறைச்சியும் வெங்காயமும் மணந்தன. சமையலறை மேசையில் உட்கார்ந்து பென்சிலைக் கடித்துக் கடித்துப் போட்டாள். பனி ஹாக்கியில் கோல் காக்கும்போதும் இப்படித்தான் இருப்பாள், வாய்க்காப்பை மென்றுகொண்டு, முகத்தில் ஒன்றும் தெரியாமல்.

பத்தில் நான்கு சரி.

எனக்கு... சரி, இங்கே உண்மையை எழுதலாம். எனக்கு நிம்மதியாக இருந்தது.

“நாலு” என்றேன், வருத்தமான குரலில்.

“நாலா? நிஜமாவா?” துள்ளி எழுந்தாள். “அம்மா! நாலு வந்திருக்கு!”

“ஐனோ, பத்துக்கு நாலும்மா.”

“இன்னும் யாரும் சொல்லியே குடுக்கலையேப்பா! சொல்லிக்குடுக்காமலே நாலு. அந்த ஆறைச் சொல்லிக்குடுக்கத்தானே கிளாஸ் இருக்கு? எல்லாம் தெரிஞ்சவங்கதான் சேரணும்னா மிஸஸ் கொவாச் அங்க என்ன பண்ணுவாங்க, பேப்பர் படிப்பாங்களா?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தமாக வந்தது. நான் வாத்தியார், எனக்குத் தெரியாதா, ஹாக்கி வேற இருக்கு, கணக்குல தோத்தா டீம்லேர்ந்து உக்கார வச்சிடுவாங்க, அப்ப வந்து என்கிட்ட அழுவியா, அது இது என்று. அவளும் விடவில்லை.

ஜோலீன் ஆம்புலன்ஸ் அழைப்புகளை எடுக்கும் வேலையில் இருக்கிறாள். வீட்டில் யாராவது கத்தினால் அந்தக் குரல் தானாக வந்துவிடும்.

“ரெண்டு பேரும் முதல்ல மூச்சு விடுங்க. யாருக்கு அடி பட்டிருக்கு?”

சிரித்துவிட்டோம். பேஸ்டி மட்டும் கருகிவிட்டது.

பிப்ரவரி 18, செவ்வாய்

ஆசிரியர் அறையில் ஃப்ரானைப் பிடித்தேன். நான் இந்தப் பள்ளிக்கு வந்தபோதே அவள் மூத்தவள். இப்போதும் என்னைப் புதுப் பையனைப் போலத்தான் பார்ப்பாள்.

“ஐனோ ஆனர்ஸ் கேக்கிறா. உங்களுக்கு என்ன தோணுது?”

“நீ கேக்கிறது வாத்தியாராவா, அப்பனாவா?”

“வாத்தியாராத்தான்.”

“அப்ப பொய் சொல்றே. போ, காப்பி எடுத்துட்டு வா.”

எடுத்து வந்தேன். பேசினாள்.

“தினம் ஒரு மணி நேரம் வீட்டுப்பாடம் இருக்கும் ஆர்விட். ஹாக்கி ஆரம்பிச்சா திணறுவா. கண்டிப்பா அழுவா. நான் குறைச்சுக்க மாட்டேன். ஒரு மார்க் குறைஞ்சதெல்லாம் எனக்குப் பெரிசில்ல. அழுதாலும் மறுநாள் வருவாளா? அதை நான் சொல்ல முடியாது, நீயும் சொல்ல முடியாது. அவகிட்ட கேளு.”

“கேட்டா ‘அப்பா கிளாஸ்ல உக்கார மாட்டேன்’கிறா.”

“புத்திசாலிப் பொண்ணு” என்றாள் ஃப்ரான்.

பிப்ரவரி 21, வெள்ளி

வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு சர்ச் கூடத்துக்குப் போனோம். ஐனோ தோழிகளோடு தனி மேசையில் உட்கார்ந்தாள். தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

எதற்கு இவ்வளவு எதிர்ப்பு எனக்கு? அவள் திணறுவாள் என்றா? ஹாக்கி போய்விடும் என்றா? இரண்டும் உண்மைதான். ஆனால் இரண்டும் இல்லை.

அவள் பாலர் பள்ளிக்குப் போன நாளிலிருந்து கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன், எந்த வருடம் என் வகுப்புக்கு வருவாள் என்று. ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு வட்டமும் முக்கோணமும் சொல்லிக்கொடுத்தாயிற்று. என் பிள்ளைக்கு ஒரு வருடம். ஜன்னல் ஓரம் இரண்டாவது வரிசை என்று இடம்கூட மனசில் குறித்திருந்தேன். இதை யாரிடம் சொல்வது? ஜோலீனிடம் சொன்னேன்.

“அவளுக்கு நல்லதுன்னு வேண்டாம்னு சொல்றியா, அவ உன் கிளாஸ்ல வேணும்னு வேண்டாம்னு சொல்றியா?”

“ரெண்டையும் பிரிக்க முடியல.”

“கணக்கு வாத்தியார்தானே. பிரி.”

மார்ச் 3, திங்கள்

கடைசி நாள். ஐனோவைப் பனித்தளத்திலிருந்து அழைத்து வரும்போது ஃப்ரான் சொன்னதை அப்படியே சொன்னேன். தினம் ஒரு மணி நேரம். அழுவாய். குறைக்க மாட்டாள்.

“கோச்சும் என்னைச் சேத்துக்கும்போது இதையேதான் சொன்னாரு” என்றாள். “அழுதேன்ல? இப்ப கோல்கீப்பர் யாரு?”

“நீதான்.”

“சரி. கார்ல ஹீட்டரைப் போடு, கால் உறைஞ்சு போச்சு.”

வீட்டுக்கு வந்து ‘ஆனர்ஸ்’ என்று டீனுக்குப் பதில் அனுப்பினேன். அனுப்பிவிட்டு கைபேசியைக் கவிழ்த்து வைத்தேன். ஜோலீன் பாராட்டாகத் தோளில் ஒன்று வைத்தாள். வலித்தது.

ஜூலை 13, ஞாயிறு

ஏரி. படகில் நானும் ஐனோவும் மட்டும். மீனுக்கு எங்கள்மேல் அக்கறை இல்லை, கொசுவுக்கு இருந்தது.

தானாகச் சொன்னாள்.

“அப்பா, நான் ஆனர்ஸ் கேட்டது நீ ஆடுறதுனால இல்ல. சரி, அதுவும்தான். ஆனா அது மட்டும் இல்ல.”

“பின்ன?”

“உன் கிளாஸ்ல நான் நல்லா வாங்கினா, அப்பா போட்டாருன்னு சொல்லுவாங்க. மோசமா வாங்கினா, அப்பா வாத்தியாரா இருந்தும் இப்படியான்னு சொல்லுவாங்க. எப்படிப் பாத்தாலும் அது உன் மார்க்குதான். மிஸஸ் கொவாச்கிட்ட எவ்வளவு மோசமா வாங்கினாலும் என்னுது.”

தூண்டிலைச் சுற்றி எடுத்தேன். புழுவைக் காணோம்.

இதைப் பதினான்கு வயதில் யோசித்து வைத்திருக்கிறாள். எனக்கு ஏன் தோன்றவில்லை?

செப்டம்பர் 2, செவ்வாய்

பள்ளி திறந்தது. ஜன்னல் ஓரம் இரண்டாவது வரிசையில் ஒரு பையன் உட்கார்ந்தான். பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டான்.

செப்டம்பர் 19, வெள்ளி

ஐனோவின் முதல் தேர்வு. நூற்றுக்கு 51.

சாப்பிடவில்லை. பையைப் படிக்கட்டில் போட்டுவிட்டு மேலே போனாள். கதவைச் சாத்திய சத்தம் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கோபம் வந்தால் அறைந்து சாத்துபவள்.

வகுப்பு மாற இருபத்தாறாம் தேதி வரை நேரம் இருக்கிறது. டீனிடம் கேட்டேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் மூன்றாவது பாடவேளை வகுப்பில் இடம் இருக்கிறது. சும்மா கேட்டு வைத்தேன். அவ்வளவுதான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பின்வாசல் படியில் இருந்தாள். கண் வீங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“இப்படியே போனா நவம்பர்ல கோல்ல நிக்க முடியாதுப்பா.”

“தெரியும்.”

“மிஸஸ் கொவாச் போடுறது முதல் வரி வரைக்கும் புரியுது. அப்புறம் எல்லாரும் தலையாட்டுறாங்க. நானும் ஆட்டிடுறேன்.”

வாய் துறுதுறுத்தது. காட்டு, நான் சொல்கிறேன் என்று. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

“டீன்கிட்ட கேட்டியா? உன் கிளாஸ்ல இடம் இருக்கான்னு?”

“கேட்டேன். இருக்கு.”

“நான் வந்துட்டா உனக்குச் சந்தோஷமா இருக்குமா?”

இப்படிக் கேட்பாள் என்று எதிர்பார்க்கவில்லை. ‘உன் இஷ்டம்மா’ என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குத் தெரிந்துவிடும்.

“ரொம்ப சந்தோஷமா இருக்கும். நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பிச்சதுலேர்ந்து காத்துக்கிட்டு இருக்கேன். ஆனா அது எனக்குக் காரணம். உனக்குக் காரணமில்ல.”

என்னையே பார்த்தாள். மூக்கைச் சட்டைக்கையில் துடைத்தாள்.

“பாவம்பா நீ” என்றாள். என் தோளில் சாய்ந்தாள், கொஞ்ச நேரம்தான்.

எழுந்து போகும்போது ஒன்றே ஒன்று சொன்னேன், வாத்தியாராக: “தலையாட்டுறவங்க பாதிப் பேருக்குப் புரிஞ்சிருக்காது ஐனோ. எனக்குத் தெரியும். தினம் அந்தத் தலைகளைத்தான் பாக்கிறேன்.”

செப்டம்பர் 26, வெள்ளி

மாலை நான்கு மணி வரை டீன் அறைப் பக்கமே நடந்துகொண்டிருந்தேன். அவள் வரவில்லை. மாறவில்லை.

அக்டோபர் 8, புதன்

ட்ரூடி தினமும் வருகிறாள். அவளும் ஆனர்ஸ்தான், அவளுக்கும் புரியவில்லையாம். ஐனோ கேட்ட பிறகுதான் சொன்னாளாம். சமையலறை மேசையில் இரண்டு பேரும் கத்துகிறார்கள். நான் குளிர்பெட்டியைத் திறப்பதுபோல உள்ளே போனேன்.

“அப்பா, எதுக்கு வந்தே?”

“பால்.”

“இப்பத்தான் பால் எடுத்துட்டுப் போனே.”

ஜோலீன் என் கையைப் பிடித்து கராஜுக்குக் கொண்டுபோய் விட்டாள். “அவங்க முடிக்கிற வரைக்கும் இங்க எதையாவது அடுக்கு.”

கராஜ் இப்போது பளபளக்கிறது. காரை உள்ளே நிறுத்த முடிகிறது. கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 23, வியாழன்

பெற்றோர் சந்திப்பு. என் அறையில் ஒரு இடைவெளி பிடித்து, ஃப்ரான் அறைக்கு வெளியே பெற்றோராக வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் கேட்டார், “நீங்களுமா சார்?” நானும்தான்.

ஃப்ரான் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள்.

“இப்ப அப்பனா வந்திருக்கே. சரி, உக்காரு. எழுபத்து நாலு. தேறிடுவா. முதல் வரிசைக்குப் போகமாட்டா, இந்த வருஷம் போகமாட்டா. ஆனா கையைத் தூக்குறா ஆர்விட். ‘புரியல, திரும்பச் சொல்லுங்க’ன்னு வாரத்துக்கு நாலு தடவை. பின்னாடி ஏழெட்டு பேர் அவளை வச்சுப் பொழைக்கிறாங்க. எனக்குத்தான் பாடம் முடிய மாட்டேங்குது.”

“கேள்வியைக் குறைக்கச் சொல்லட்டுமா?”

“சொல்லிப் பாரு. அப்புறம் உன்கூட பேசமாட்டேன்.”

என் அறைக்குத் திரும்பினால் ஒரு அம்மா காத்திருந்தார். பையனை அடுத்த வருடம் ஆனர்ஸில் போடலாமா என்று கேட்டார். என்னிடம் இதற்கு ஒரு தயார்ப் பதில் உண்டு. மதிப்பெண் பட்டியலைத் திறந்தேன். மூடினேன்.

“அவன் என்னங்க சொல்றான்?”

அம்மா யோசித்தார். “அவன்கிட்ட இன்னும் கேக்கல சார்.”

நவம்பர் 15, சனி

பக்கத்து ஊரில் ஆட்டம். 5–2, தோல்வி. ஐந்தும் ஐனோவைத் தாண்டிப் போனவை. ஜோலீனுக்கு வேலை, நாங்கள் இருவர் மட்டும் திரும்பினோம். ஆட்டத்தைப் பற்றிக் கேட்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். கேட்கவில்லை. பின்சீட்டில் அவளுடைய ஈர உடுப்புகள். கார் கண்ணாடியெல்லாம் வேர்த்துவிட்டது. நாற்றத்தைப் பற்றி எழுதப்போவதில்லை.

ஊருக்கு முன்னால் ரயில் கேட் மூடிவிட்டது. இரும்புத்தாது வண்டி. முடிவே தெரியாத வண்டி. இன்ஜினை நிறுத்தினேன்.

“அப்பா, திங்கக்கிழமைக்கு ஒரு கணக்கு குடுத்திருக்காங்க. ட்ரூடியும் நானும் பாதியில மாட்டிக்கிட்டோம். நீ ஒண்ணும் சொல்லாதே. நான் சத்தமா யோசிக்கிறேன், அவ்வளவுதான்.”

பக்கத்துக் கண்ணாடியில் விரலால் வரைந்தாள். இரண்டு முக்கோணம், நடுவில் ஒரே பக்கம். இது இதற்குச் சமம், அது அதற்குச் சமம் என்று கோடு இழுத்தாள். மூன்றாவது வரியில் கோணத்தை மாற்றிக் குறித்துவிட்டாள். பார்த்தேன். வாய்வரை வந்தது. தாதுப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்தேன்.

அவள் மேலே மேலே போனாள். கண்ணாடியில் இடம் தீர்ந்து என் பக்கம் சாய்ந்து முன்கண்ணாடியிலும் எழுதினாள். நின்றாள். தலையைச் சாய்த்தாள்.

“இரு... இரு இரு. இது வராதே.”

பின்னால் போனாள். விரல் மூன்றாவது வரியில் நின்றது. சட்டைக்கையால் அழித்தாள். திரும்ப எழுதினாள். அங்கிருந்து கடகடவென்று இறங்கி, கீழ் ஓரத்தில் முடிந்தது.

“வந்துடுச்சு! அப்பா, வந்துடுச்சு!” என் தோளில் ஒன்று வைத்தாள், அம்மாவைப் போலவே. பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். “நான் தப்பா போட்டதை நீ முன்னாடியே பாத்துட்டே, இல்ல?”

“நான் ரயிலைப் பாத்துட்டு இருந்தேன்.”

“பொய்.”

ரயில் போய்விட்டது. கேட் திறந்தது. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

“முன்னாடி ஒண்ணும் தெரியலம்மா. இதைத் துடைச்சாத்தான் ஓட்ட முடியும்.”

“இருப்பா” என்றாள். “முதல்ல ட்ரூடிக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிடறேன்.”