காற்று குறைந்த இடத்துக்குப் போகிறேன், அப்பா

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கப் பழகிய என் அப்பாவுக்கு,

இப்போதாவது காலை நீட்டிப் படுத்துத் தூங்குகிறாயா? உனக்கு ஒரு நல்ல செய்தி. அம்மா ஒத்துக்கொண்டுவிட்டாள். நான் இமயமலைக்குப் போகிறேன்.

கோயில் குளம் பார்க்கிற பயணம் இல்லை அப்பா. முதுகில் பையோடு நாள் முழுக்க நடந்து, பனி கிடக்கிற உயரம்வரை ஏற வேண்டும். நான் பாடம் நடத்துகிற பள்ளியின் ஆசிரியைகள் சிலர் போகிறார்கள். யார் யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது கை தூக்கிவிட்டேன். கல்லூரியில் விடை தெரிந்தும் ஒருநாள்கூடத் தூக்காத கை. அன்றைக்கு மட்டும் ஏன் தூக்கினேன்?

நெய்வேலியில் மலைக்கு எங்கே போவது? இருக்கிற உயரமெல்லாம் சுரங்கத்து மண்ணைக் கொட்டிய மேடுதான். அங்கே நம்மை விடமாட்டார்கள். அதனால் விடிந்ததும் மந்தாரக்குப்பத்திலிருந்து டவுன்ஷிப் மைதானம்வரை வேகமாக நடப்பேன். பிறகு அங்கே படிக்கட்டில் ஏறி இறங்குவேன். கனத்துக்காகப் பையில் தண்ணீர் பாட்டில்களும் நம் வீட்டு அம்மிக் குழவியும்.

டீக்கடை அக்கா விடுவாளா? "இன்னாம்மா, தெனமும் மூட்டையத் தூக்கிக்கினு கெளம்புற? ஓடிப்போறதுன்னா ஒரு வாட்டி போனா போதாதா?"

தலையைக் குனிந்துகொண்டே சிரித்தேன்.

அம்மாதான் சிரிக்கவில்லை. மேலே காற்று குறைவு என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "காத்து இல்லாத எடத்துக்கு நீயாப் போறியா? உங்க அப்பா இங்க இருந்துக்கினே காத்து பத்தாமத்தான் போனாரு."

எனக்கும் அந்தப் பயம்தான். சிறுவயதிலிருந்து உன்னை விடாத இளைப்பு எனக்குள்ளும் எங்காவது ஒளிந்திருக்குமோ? டாக்டர் ஒரு குழாயில் ஊதச் சொன்னார். நுரையீரல் நன்றாக இருக்கிறது, போகலாம் என்றார். அம்மா நம்பவில்லை. "ஊதுனா இன்னா தெரியும்? நான் கேட்டுப் பாக்கறேன்" என்றாள்.

மறுநாள் கூடவே வந்து கடைசிப் படியில் உட்கார்ந்தாள். இனி முடியாது என்கிறவரை ஏறி இறங்கினேன். என்னைத் திருப்பி உட்காரவைத்து, முதுகில் காதை வைத்தாள். உன் முதுகில் எத்தனை இரவு வைத்த காது! நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்குக் கூச்சமே வரவில்லை. மூச்சை அடக்கவும் முடியவில்லை, விடவும் பயம்.

"எளப்பு இல்ல" என்றாள். "அந்த விசில் சத்தம் இல்ல. மூச்சு வாங்குது, அவ்ளோதான். வாங்கட்டும்."

பிறகு முந்தானையால் என் கழுத்தைத் துடைத்தாள். "எழுந்து இன்னொரு வாட்டி ஏறுடி. கொழவிய மட்டும் குடுத்துட்டுப் போ, சட்னி அரைக்கணும்."

அப்பா, நீயும் மூச்சை வாங்கத்தான் பார்த்தாய், இல்லையா? உனக்குக் கிடைக்கவில்லை. எனக்குக் கிடைக்கிறது. அன்று ஏறிய படிகளில் கால் பட்டதே தெரியவில்லை.

நேற்று அம்மா உன் மஃப்ளரைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள், என் பையில் வைக்க.

உனக்கு ஒரு வாக்கு. அந்த விசில் சத்தம் லேசாகக் கேட்டாலும், உச்சி கண்ணெதிரே இருந்தாலும், திரும்பிவிடுவேன். கேட்காவிட்டால் மேலே போய், உன் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, நிறைய மூச்சு வாங்குவேன்.

படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கினே எழுதும்
உன் மூத்த பொண்ணு